பதினோரு வீடுகளுக்கு நடந்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. காரியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக நாலு வரி எழுதச் சொன்னார்கள். கடைசித் தங்கை நான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அக்கா சாலவாக்கத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஐந்து. மறுமாதமே உத்திரமேரூரில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலைக்குப் போனார். திருப்புலிவனத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகும் அந்த வேலையை விடவில்லை. உமிப் புகையிலும் தூசியிலும் இருபத்தெட்டு ஆண்டுகள். நான் படித்தது அந்தக் கூலியில்தான்.

பிறகு இருமல் வந்தது. சளியைச் சோதித்துவிட்டு, காசநோய் இல்லை, நுரையீரல் அடைப்பு, இனி வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும் என்றார்கள். அதற்கு மாதாமாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருநாள் பேருந்துப் படியில் மூச்சு வாங்க நின்றவரை நடத்துநர், "ஏறுறியா இல்லியாம்மா?" என்று அதட்டினார். அக்கா இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பின் இரண்டு மாதம் மருந்தே இல்லை.

கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தார்.

"இன்னாக்கா, இப்டி மூச்சு வாங்கிக்கினு கீற? ஏன் சொல்லி அனுப்பல?"

"எனக்கு மட்டுமா? எங்கூட மில்லுல இருந்தவளுங்க அல்லாரும் இரும்பிக்கினுதான் கீறாளுங்க."

"யாரு யாருன்னு சொல்லேன்."

அக்கா நேரில் போய்ப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பத்தடி நடப்பார், நிற்பார். ஒரு வாரத்தில் பதினோரு பெண்களின் வீடுகளுக்குப் போய்வந்தார். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்றார்.

"நான் நிறுத்தி நிறுத்திதான் பேசுவேன். கொஞ்சம் கேட்டுக்கினு இருங்க. பஸ் ஏற மூச்சு இல்லாதவளுக்கு, பஸ் ஏறி வந்தாதான் மருந்துன்னா எப்டிங்க? இங்கியே குடுங்க."

தீர்மானம் போட்டார்கள். நான்கு மாதம் கழித்து, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே மாதம் ஒருநாள் நெஞ்சு நோய் மருத்துவர் வரத் தொடங்கினார். மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தும் மூச்சுப் பயிற்சியும் அங்கேயே கிடைத்தன. இரண்டு ஆண்டுகள் அக்கா ஓரளவு நன்றாக இருந்தார். அதற்குமேல் நுரையீரல் இடம் கொடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் சளி கட்டியது. ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் மூச்சு நின்றது. வயது கேட்டார்கள், சொன்னேன். கையெழுத்து கேட்டார்கள், போட்டேன்.

அந்தச் செவிலியருக்கும், மருத்துவர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், உடனிருந்த உறவினர் அனைவருக்கும் மாமா, பிள்ளைகள் சார்பில் நன்றி. அக்காவின் உடல் வீட்டுக்கு வந்த அன்று அந்தப் பதினோரு பெண்களும் நின்று நின்று நடந்து வந்தார்கள். ஒப்பாரி வைக்க அவர்களிடம் மூச்சு இல்லை. எடுத்துச் செல்லும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.