சேர்த்துத் தைத்த தாடி

என் மாமாவைக் கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்புக்குள் வைத்துத் தைத்தது என் அம்மாதான். சிவப்பு அங்கியின் கழுத்துப் பட்டையோடு பிளாஸ்டிக் முகமூடியையும் பஞ்சுத் தாடியையும் சேர்த்து, கோணி தைக்கிற நூலால் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்தாள். தன் தம்பி கல்யாணப் பெண் மாதிரித் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, அம்மா ஊசியைப் பார்த்துப் பார்த்துக் குத்தினாள்.

"இன்னும் ரெண்டு தையல் போடுக்கா. கையால இழுத்தா வரக்கூடாது" என்றார் மாமா முகமூடிக்குள்ளிருந்து.

"மூச்சு முட்டிடப் போவுதுடா."

"அதுக்குத்தான் மூக்காண்டயும் வாயாண்டயும் சின்னதா ஓட்ட கீதே."

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எதற்குத் தையல் என்று கேட்டேன். "பசங்க தாடிய புடிச்சி இழுக்கறானுங்க பாப்பா" என்றார். போன வருடம் ஒரு பையன் இழுத்த இழுப்பில் தாடி அவன் கையோடு போனதை நானே பார்த்திருந்தேன். அதனால் வேறு கேள்வி கேட்கவில்லை.

எங்கள் தெரு நெம்மேலிக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டி இருந்தது. தெருக்கோடியில் சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் ஆலயம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பொழுது சாயும் நேரத்தில், வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் புறப்படும். முன்னால் குட்டி யானை வண்டியில் நட்சத்திரமும் ஸ்பீக்கரும், பின்னால் ட்ரம், அதற்குப் பின்னால் பாடுகிறவர்கள், எல்லோருக்கும் நடுவே தாத்தா. தாத்தா என்றால் அது மாமாதான். அவர் ஆடினால் மீன் விற்கப் போன பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். வண்டியின் மேல் ஏறிக் குதிப்பார், மண்ணில் உருளுவார், எழுந்து பாஸ்டரின் மனைவிக்கு சல்யூட் அடிப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த ஆட்டத்தால் வந்ததுதான்.

மாமாவுக்கு அடிக்கடி 'உடம்பு' வரும். குடி என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் என் காதுபட யாரும் சொன்னதில்லை. "மாமாவுக்கு மறுபடியும் உடம்பு" என்பார்கள். நான் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வேன். அந்தக் காய்ச்சலில்தான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் வேலை போனது. அந்தக் காய்ச்சலில்தான் அத்தை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அந்தக் குழந்தைக்குக் கன்னத்தில் குழி விழும். எனக்கு அதைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் கவலை. "பண்டிக கழியட்டும். அது வரைக்கும் ஒழுங்கா இருந்தா வரேன்" என்று அத்தை போனில் சொன்னது எனக்கும் கேட்டது. ஒழுங்காக இருப்பது என்றால் காய்ச்சல் வராமல் இருப்பது. அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

மாமா அப்போதுதான் அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஜெப இல்லத்தில் சில மாதம் தங்கித் திரும்பியிருந்தார். போன ஆள் வேறு, வந்த ஆள் வேறு. மெலிந்திருந்தார், மெதுவாகப் பேசினார். அங்கே ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுத்தார்களாம். அந்த ஜெபம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கள் பாஸ்டர் ஜெபித்தால் மழை, அரசாங்கம், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கடலுக்குப் போன படகுகள் எல்லாம் வரும். எங்கள் முழங்கால் மரத்துப் போகும். மாமாவோ, "ஆண்டவரே, நாஸ்தா துண்ற வரைக்கும்" என்பார். நாஸ்தா ஆனதும், "ஆண்டவரே, பஸ் வர்ற வரைக்கும்." இவ்வளவு கஞ்சத்தனமான ஜெபத்துக்கெல்லாம் ஆண்டவர் இறங்கி வருவாரா என்று எனக்குச் சந்தேகம்.

இந்த வருடம் தாத்தா வேஷம் அவருக்கு வேண்டாம் என்று அம்மா பாஸ்டரிடம் மன்றாடினாள். வீடு வீடாகப் போகிற தாத்தாவுக்கு முன்வாசலில் கேக் கிடைக்கும், கொல்லைப்பக்கத்தில் வேறு கவனிப்பும் கிடைக்கும் என்பது ஊரறிந்தது. "ஊரே பாடிக்கினு போவும்போது அவன் மட்டும் வீட்டுல தனியா குந்திக்கினு இருந்தா நல்லதாம்மா?" என்று பாஸ்டர் கேட்டார். மாமாதான் யோசித்து, "போறேன். ஆனா நீ தெச்சி வுட்டுடுக்கா" என்றார்.

கேரல் புறப்பட்டது. மிட்டாய்ப் பை என் தோளில், என் கை மாமாவின் கையில். ட்ரம் முழங்கியது. மாமா ஆடவில்லை. நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்று கையை மட்டும் ஆட்டினார்.

"இன்னா அண்ணாத்த, தாத்தாவுக்கு மெய்யாலுமே வயசாயிடுச்சா?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. "ஆடு மாமா" என்று கையை இழுத்தேன். "காலு வரலடா பாப்பா" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் எங்களுக்கு டீயும் முறுக்கும் கொடுத்தார்கள். மாமா மட்டும் தைத்த முகத்தோடு சும்மா நின்றார். ஒவ்வொரு வீடும் முடிந்ததும் தாடிக்குள்ளிருந்து, "ஆண்டவரே, அடுத்த வூடு வரைக்கும்" என்று முணுமுணுப்பார். பாவம், தாகத்தோடு நடக்க முடியவில்லை போலிருக்கிறது என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

கடைசிக்கு முந்தின வீடு, மாமாவோடு வேன் ஓட்டிய சிநேகிதருடையது. அவர்கள் எங்கள் ஆலயம் இல்லை, கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் கேரலை ஒரு வருடமும் வாசலோடு அனுப்பியதில்லை. முன்பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்தார்கள். எல்லோரும் வாசலில் கேக் தின்றுகொண்டிருக்க, அவர் மாமாவின் தோளை அணைத்துக் கொல்லைக்கு அழைத்துப் போனார். என் கை மாமாவின் கையில் இருந்ததால் நானும் போனேன். துணி துவைக்கும் கல்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் தயாராக இருந்தது.

"ஒரே ஒரு வாய் மச்சான். பண்டிக நாளும் அதுவுமா."

"முடியாதுடா. தெச்சிருக்கு பாரு."

சிநேகிதர் தாடியை இழுத்துப் பார்த்தார். அம்மாவின் தையல் அசையவில்லை. "அக்கா வேலையா இது?" என்று சிரித்தார். மாமா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தாகத்தோடு நடந்து வந்த மாமாவுக்காக என் மூளை அந்நேரம் பார்த்து வேலை செய்தது.

"ஸ்ட்ரா போட்டா குடிக்கலாமே மாமா. வாயில ஓட்ட இருக்குல்ல?"

"அடி சக்க! பாப்பாவுக்கு இன்னா மூள பாரு" என்று சிநேகிதர் கடைக்கு ஓடி ஜூஸுக்கு வைத்திருந்த ஸ்ட்ராவில் ஒன்றை எடுத்து வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் ஸ்ட்ராவை டம்ளரில் போட்டு மாமாவின் கையில் திணித்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் பஞ்சில் துடைப்பார்களே, அந்த வாசனை வந்தது. மாமா குனிந்தார். டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு தாகம் என்று நினைத்தேன். அதில் தப்பொன்றும் இல்லை.

ஸ்ட்ராவின் நுனி தாடியைத் தொட்டது. "ஆண்டவரே" என்றார் மாமா. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எது வரைக்கும் என்று வழக்கமாகச் சொல்வாரே, அதைக் காணோம். மறுபடியும் "ஆண்டவரே" என்றார். அப்போது தெருவில் ட்ரம்மை அடிக்கத் தொடங்கினார்கள்.

"ஆண்டவரே, அந்த ட்ரம் வரைக்கும்" என்றார் மாமா.

டம்ளரைக் கல்மேல் வைத்துவிட்டு, வலிக்கும்படி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "டேய், வூடு தேடி வந்து அசிங்கப்படுத்துறியேடா" என்று சிநேகிதர் பின்னாலிருந்து கத்தினார். மாமா திரும்பவில்லை. வாசலைத் தாண்டி நேராக ட்ரம்மின் முன்னால் போய் நின்றார். நின்றவர், ஆடத் தொடங்கினார்.

அதை ஆட்டம் என்று சொல்வதே பெரிய மனசு. இடது காலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வலது காலை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கொஞ்ச நேரம் யோசித்து, மறுபடி இடது கால். நடை பழகும் குழந்தைகூட இன்னும் ஒய்யாரமாக வைக்கும். குதியாட்டம் இல்லை, உருளல் இல்லை, தாளமும் சேரவில்லை. ட்ரம் அடித்த பையன் அவர் காலையே பார்த்தபடி அடியை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் மாமாவின் கால் விழும்போது மட்டும் அடித்தான். பாடுகிறவர்களின் நடுவே அம்மா பாட்டை நிறுத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாஸ்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு மோசமாக ஆடினால் எந்த அக்காவுக்குத்தான் அழுகை வராது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தை சொன்னபடி புத்தாண்டு ஆராதனைக்குக் குழந்தையோடு வந்தாள். அம்மா கொடுத்தனுப்பிய கேக் ருசியாக இருந்ததால்தான் வந்தாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னாளிலும் மாமாவுக்கு உடம்பு வந்ததுண்டு. திரும்பவும் அச்சரப்பாக்கம் போய்த் தேறி வந்ததும் உண்டு. அத்தை அதற்குப் பிறகு பெட்டியைக் கட்டவில்லை.

அந்த ராத்திரி கேரல் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா பிளேடால் தையலைப் பிரித்தாள். உள்ளேயிருந்து வந்த முகம் மழையில் நனைந்த மாதிரி இருந்தது. மாமா தண்ணீர் கேட்டார். நான் சொம்பு நிறையக் கொண்டு வந்தேன். மார்பெல்லாம் சிந்தச் சிந்தக் குடித்தார். அம்மா அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேற்ற வேண்டியது என் கடமை என்று பட்டது.

"பரவால்ல மாமா. அடுத்த வருஷம் நல்லா ஆடிடு."

மாமா சிரித்தார். அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் கன்னத்தைப் பிடித்து, "நாளைக்கி பாப்போம் பாப்பா" என்றார்.

அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் நாளையைப் பற்றிச் சொல்கிறாரே, மாமாவுக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கப் போனேன்.