நான் உயர்த்திய ஏரி

நான் எட்டாவதோடு நின்றவன். அம்பத்தூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை. பேனர் வெட்டுவேன், ஓரம் மடித்து ஒட்டுவேன், கயிறு கட்ட மூலையில் வளையம் அடிப்பேன்.

காட்டுப்பாக்கத்தில் பிளாட்டில் இருக்கும் ஐ.டி.காரர் ஒருவர் ஒரு வரைபடத்தை அச்சடிக்கக் கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படத்தில் மலை, காடு, கோட்டை, இடமே விடாமல் ஊர்ப் பெயர்கள். எதற்கு என்று கேட்டேன். விளையாட என்றார். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு உட்காருவார்களாம். ஒருவர் உலகத்தைச் சொல்வார். அதில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

"எல்லா ஊரையும் நீங்களே எழுதிட்டா அவங்க எங்க சார் போவாங்க?"

அவர் என்னையே பார்த்தார். "ஞாயித்துக்கிழமை நம்ம பிளாட்டுக்கு வாங்கண்ணே" என்றார்.

போனேன். கொஞ்ச நாளில் உலகம் சொல்லும் வேலை என்னிடம் வந்துவிட்டது. அவர் ராத்திரியெல்லாம் எழுதிய கோட்டைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவருக்கு அலுத்துவிட்டது.

நான் எழுதவில்லை. தப்பாக அடித்த ஒரு கல்யாண பேனரைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெள்ளை. ஒரு ஏரி, ஒரு கரை, ஒரு மதகு, மூன்று வீடு வரைந்தேன். மிச்சத்தை அப்படியே விட்டேன். கடையில் விழும் துண்டு அட்டைகளில் ஒரு அட்டைக்கு ஒரு ஆள், ஒரு அட்டைக்கு ஒரு ஆபத்து என்று எழுதிக்கொண்டேன். எந்த அட்டை எங்கே என்று முடிவு செய்வதில்லை. அவர்கள் போகும் பக்கம் அட்டையை வைப்பேன். அவர்களையே கேட்பேன். கதவு என்ன நிறம்? உள்ளே என்ன வாசனை? சொல்வதை எழுதிக்கொள்வேன். அவர்கள் பயந்து சொல்வதை முதலில் எழுதிக்கொள்வேன். என் பயத்தை விட அவர்கள் பயம் அவர்களை நன்றாகப் பிடித்தது.

ஒன்றை மட்டும் நானே முடிவு செய்தேன். யார் என்ன செய்தாலும் வாரம் ஒரு விரல் ஏரி உயரும்.

மூன்று பேர் ஆடினார்கள். ஐ.டி.காரர். பருத்திப்பட்டில் இருக்கும் என் சினேகிதன், பைக் மெக்கானிக். அவன் தெருவுக்குப் பின்தெருப் பெண் ஒருத்தி. மருந்துக் கடையில் பில் போடுகிறவள். அவளை மெக்கானிக்தான் கூட்டிவந்தான். எதற்கென்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அவள் எடுத்த வேஷம் ஓடக்காரி. இரண்டாம் வாரமே சொன்னாள், "என் தம்பி இந்த ஏரிப் பக்கம் போனான்ணா. திரும்பல."

ஆடுகிறவர்கள் இப்படி ஏதாவது கொண்டுவருவது வழக்கம். உலகம் செய்கிறவனுக்கு அது வசதி. அட்டையில் 'தம்பி' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் கரையில் ஒரு செருப்பு கிடக்க வைத்தேன்.

"எப்படிச் செருப்பு?" என்று அவளைக் கேட்டேன்.

"நீல வார். இடது கால். வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும்."

"ஊக்கு குத்துன செருப்பா?" மெக்கானிக் ஐ.டி.காரரைப் பார்த்தான். "நைனா, உன் கோட்டையில ராஜாகூட புதுச் செருப்புதான போட்டுகினு இருந்தாரு?"

"அந்த ராஜாவ நீரு எங்க போய்ப் பார்த்தீரு?" என்றார் அவர்.

சிரித்தார்கள். அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல விவரம் என்று நினைத்து எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு தம்பிதான் ஆட்டம். ஒரு வாரம் அக்கரையில் குரல். ஒரு வாரம் அவனைப் பார்த்ததாகச் சொல்லும் மீன்காரி. கிட்டே போனால் அட்டையை நகர்த்துவேன். உயிரா பிணமா என்று எழுதவில்லை. எழுதினால் ஆட்டம் நின்றுவிடும். மழை தொடங்கிய வாரம் மீன்காரி வாயில் இதை வைத்தேன்: தண்ணீர் கரையைத் தொடும் நாளில் அவன் மதகுக்கிட்ட வருவான்.

வெளியிலும் மழை விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் நனைந்துகொண்டே கடைக்கு வந்தான்.

"மச்சான், அந்தப் பொண்ணு ஏரியாண்ட நின்னுகினு கீது."

"எந்த ஏரி?"

"எங்க ஏரிதான்டா. தண்ணி வெளிய போற எடத்துல. முட்டி வரிக்கும் தண்ணி. நேத்தும் நின்னுச்சாம். கூப்ட்டேன், திரும்பவே இல்ல. கையப் புடிச்சு இட்டாந்து ஊட்ல வுட்டேன்."

"எதுக்கு?"

அவன் முகம் மாறியது. "இன்னாடா எதுக்குன்ற? அது தம்பி காணாமப் போயி மூணு வருசமாச்சு. செருப்பு மட்டும்தான் அங்க கெடந்துச்சு. நீ தெரிஞ்சுதான் செய்றேன்னு நெனச்சேன்."

"நீ ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கெழம மட்டும்தான் அது மூஞ்சில ஒரு களை இருக்கும். நல்லதுக்குன்னு நெனச்சுகினு இருந்தேன் மாமே."

அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை. ஒரு பேனரைக் குறுக்கே வெட்டிவிட்டேன். என் ஏரி கரையைத் தொட ஒரு விரல்தான் பாக்கி. நாளைக்கு அது தொடும். நிஜ ஏரியிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மதகில் வருவான் என்று சொன்னவன் நான். அவள் இறங்குவாள்.

ஞாயிறு சாயங்காலம் பிளாட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது. நான் எல்லா அட்டைகளையும் அவள் முன் பரப்பினேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ சொன்னத உனக்கே திருப்பிச் சொன்னேன். செருப்பு, குரல், மீன்காரி எல்லாம் பொய்."

ஐ.டி.காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"தெரியும்ணா" என்றாள். "ஊட்ல எல்லாரும் அவன் செத்துட்டான்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தபாகூட சொல்லல."

அட்டைகளை அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"இன்னிக்குத் தண்ணி கரையத் தொடணுமே. ஆட்டம் உண்டா, இல்லியா?"

இல்லை என்றால் அவள் நேராக அங்கேதான் போவாள். அது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"உண்டு. ஆனா ஏரி வத்திப்போச்சு" என்றேன். "ராத்திரியோட ராத்திரியா. தரை தெரியுது."

"நான் இறங்குறேன்."

"இறங்கு."

"மதகுக்கிட்ட?"

"சேறு."

"அவன் இல்லியா?"

"இல்ல."

"நாணல் பக்கம்?"

"சேறு. மீன் செத்துக் கெடக்கு."

அவள் பேனர் மேல் விரல் வைத்து அங்குலம் அங்குலமாகக் கேட்டாள். இங்க? இங்க? நான் முதல்தடவையாக எதையும் நகர்த்தவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே பதில் சொன்னேன். மற்ற இருவரும் பகடையைத் தொடவில்லை. வெளியே இருட்டிவிட்டது. மெக்கானிக் எழுந்து லைட் போட்டான். அவள் விரல் கரையை முழுக்கச் சுற்றி வந்து நின்றது.

"எலும்பு?"

"இல்ல."

"சட்டை?"

"ஒண்ணும் இல்லம்மா."

பேனரிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அப்போ அவன் ஏரியில இல்ல."

"இல்ல."

"அப்போ வேற எங்கியோ கீறான்."

இதை நான் நினைக்கவில்லை. தண்ணீரிலிருந்து அவளை வெளியே கொண்டுவருவதை மட்டும்தான் நினைத்தேன். மெக்கானிக் என்னைப் பார்த்தான். ஐ.டி.காரர் தரையைப் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை. நானும்.

அவள் ஏரிக்குப் போவதை விட்டுவிட்டாள். மருந்துக் கடை வேலையையும் விட்டுவிட்டாள். தம்பி போட்டோவோடு தினம் ஒரு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள் என்று மெக்கானிக் சொன்னான். போன வாரம் வேலூர் போனாளாம். போட்டோவைப் பெரிதாக அடிக்க ஒருநாள் எங்கள் கடைக்கே வந்தாள். நான்தான் வெட்டிக் கொடுத்தேன், ஓரம் மடித்து, நாலு மூலையிலும் வளையம் அடித்து.

"நீங்க சொன்னதாலதான்ணா" என்றாள். நன்றி சொல்வதுபோல் சொன்னாள்.