நடுக்கூடத்துச் சொட்டு

அம்மா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர். வீட்டிலும் அதே குரல்தான். பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரை வரைபடம் போடச் சொல்லி அப்பாவழித் தாத்தா கட்டிய வீடு இது. கூடத்தின் கூரையில் வட்டமாகக் கண்ணாடி பதித்திருக்கும். அழகுதான், மழை பெய்தால் ஒழுகும். தூறல் சத்தம் கேட்டதுமே ஆளுக்கொரு பாத்திரத்தோடு அவரவர் இடத்துக்கு ஓடுவோம். அதற்கும் அம்மா டிரில் வைத்திருந்தாள்.

பழைய வீடுகளைப் பாதுகாக்கும் குழுவிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். அவர் தலையசைத்தால் வீட்டை அவர்கள் பராமரிப்பார்கள், ஞாயிறுதோறும் ஊரார் வந்து பார்க்கலாம்.

"ஒழுகுதுன்னு தெரிஞ்சா ஓடிருவாங்க. மழை வந்தாலும் யாரும் பக்கெட்டத் தொடக்கூடாது" என்று அம்மா முன்பே எச்சரித்திருந்தாள்.

அதிகாரியம்மா கண்ணாடிக்கு நேர்கீழே அண்ணாந்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வீட்டுப் பெருமையைப் பேசிக்கொண்டே இருந்தாள். குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் கால் தானாகச் சமையலறைப் பக்கம் நகர்ந்தது. அம்மா முறைத்தாள். நின்றுவிட்டார்.

"தள்ளி நில்லுங்க!"

கத்தியது அம்மாவேதான். அதிகாரியம்மா பதறி விலகினார். அவர் நின்ற இடத்தில் சொட்டென்று விழுந்தது.

"எவ்வளவு நாளா ஒழுகுது?"

"வீடு கட்டின நாள்லேர்ந்து" என்றாள் அம்மா, செத்த குரலில்.

அதிகாரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இது அசல் ஒழுகல்! அசலா இருக்கிற எதையும் மாத்தக் கூடாதுங்கிறதுதான் எங்க விதி."

அம்மா விடுவிடுவென்று உள்ளே போய், பக்கெட்டைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"அப்போ தண்ணிய நீங்களே பிடிங்க."