அண்ணனின் இடது காது

என் அண்ணனைக் கூப்பிட வேண்டுமானால் அவனுக்கு வலப்பக்கமாகப் போய் நிற்க வேண்டும். சின்ன வயதில் சீழ் வைத்து அவனுடைய இடது காது அடியோடு போய்விட்டது. வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது. பாகூர் ஏரிக்கரையில் மாடு ஓட்டிப் போகும்போதுகூட அப்பா அவனுக்கு வலப்பக்கமாகவே நடப்பார்.

பிரான்சை ஜெர்மன்காரன் பிடித்த பிறகு, வெளிநாட்டில் இருந்தபடி சண்டையைத் தொடரும் பிரெஞ்சுப் படைக்குப் புதுச்சேரியில் ஆள் எடுத்தார்கள். அண்ணன் எங்களிடம் சொல்லாமலே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கரும்புக் கொல்லையில் தோகை உரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டாக்டர் காதைப் பாக்கலியாடா?"

"பின்னால நின்னு மெதுவா பேசினாருப்பா. நான் லேசா தலையைத் திருப்பிக்கினேன். எடுத்துக்கிட்டாங்க."

சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பூரிப்பை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. அவன் படைக்குக் கிளம்பிப் போனதும் அம்மா சோற்றைத் தொடவில்லை. "இடப்பக்கமா எது வந்தாலும் எம்புள்ளைக்குக் கேக்காதே! போய் ஒரு வார்த்தை சொல்லுங்க, திருப்பி அனுப்பிடுவாங்க" என்று அழுதாள். தானும் வருவதாகச் சொன்னாள். அப்பா மறுத்துவிட்டார். பள்ளியில் நாலு பிரெஞ்சு எழுத்து படித்தவள் என்று பதினோரு வயதான என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் புறப்பட்டார்.

படை முகாமின் வாசலில், உள்ளே நடந்த பயிற்சி நன்றாகத் தெரிந்தது. அதிகாரி கத்திய உத்தரவுக்கு எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் ஒரு மூச்சு தாமதமாகத் திரும்பினான். இடப்பக்கத்தில் நின்றவன் முழங்கையால் இடித்த பிறகே அவன் திரும்பியதை அப்பாவும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"தொரைகிட்ட இன்னா சொல்லணும் பெரியவரே?" என்று வாசலில் இருந்தவர் கேட்டார்.

அப்பா மறுபடி உள்ளே அண்ணனைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமில்லபா. புள்ளைய பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

பயிற்சி முடிந்து அண்ணன் வந்தான். இடித்தவனும் கூட வந்தான். வில்லியனூர் ஜவுளிக்கடை பாயின் மகன் அவன். அண்ணன் எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவனுக்கு..." என்று தொடங்கினார்.

"தெரியும் மாமா. மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன். அதான் இந்தப் பக்கமா நிக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "சொன்னேன். அவங்க கேக்கல" என்றார். அந்தப் பொய்யை நானும் சேர்ந்து சுமந்தேன். அதற்குப் பிறகு தபால்காரர் தெருவுக்குள் வந்தாலே அப்பா கொல்லையில் குனிந்தபடியே இருப்பார். நான் ஓடிப்போய் நல்ல சேதி என்று சொன்னால்தான் நிமிர்வார். அண்ணன் சண்டைக்குப் போன பாலைவனத்திலிருந்து கடிதம் வராத மாதங்களில் அவர் பேச்சே குறைந்துபோயிற்று. மகனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதை அவர் எப்படித் தாங்கியிருப்பார் என்பது, எனக்கும் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகுதான் என்னைப் பயமுறுத்தியது.

சண்டை முடிந்து அண்ணன் வந்தான். காலில் ஒரு தழும்பு, மற்றபடி முழுசாக வந்தான். வில்லியனூர்க்காரனும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாப்பிடும்போது, அப்பா அன்றைக்கு முகாம் வாசல்வரை வந்தும் சொல்லாமல் திரும்பியதை விளையாட்டாகப் போட்டு உடைத்துவிட்டான். அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏம்பா சொல்லல?" என்று கேட்டான் அண்ணன்.

அப்பா இலையைப் பார்த்தபடியே, "சொல்லியிருந்தா வூட்லதான் இருந்திருப்ப. எம்மூஞ்சில முழிச்சிருக்க மாட்ட" என்றார்.

அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், அண்ணன் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன பிறகு, "அன்னைக்கு நான் வந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

"தெரியும்" என்றார் அப்பா. "அதான் உன்னைக் கூட்டிக்கினு போகல."