எல்லாருக்குமான வண்டி

நேற்று ரெங்கம் பட்டணத்தில் பஸ் கக்கிய புகையை ஆசையாக முகர்ந்துவிட்டு வந்து, 'பஸ்' என்ற சொல்லை அகராதியில் தேடினேன். வேறு நல்ல பழக்கம் எனக்கில்லை. 'எல்லாருக்குமானது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லொன்றின் வாலாம் அது. அதிர்ந்துபோனேன். அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லையே!

வெள்ளைக்காரத் துரையின் கார் எதிரே வந்தாலே செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்கும் ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. ஆகவே, என் சிறுவயதில், குளுவாங் சந்தைக் காப்பிக்கடையில் அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று முதன்முதலாக பஸ் ஏறக் கிளம்பிய நாங்கள், வெயிலில் காய்ந்த ரப்பர் வாடையும் உறுமலுமாக நடுங்கிக்கொண்டிருந்த அதன் படியருகே, அப்பா செய்ததைப் பார்த்து ஆளாளுக்குப் புதுச் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு ஏறினோம். குளுவாங்கில் இறங்கிக் கால் சுட்டபோதுதான் உறைத்தது.

"அலமாக்! வெறுங்காலோட போனா பொண்ணு வேணாம்னுடுவாங்க, புள்ள," என்று அம்மாவிடம் அரற்றினார் அப்பா.

கடை வாசலில் மாப்பிள்ளையின் அப்பா எங்கள் புழுதிக் கால்களையே வெறித்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பஸ்லயா வந்தீங்க?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

அவர் வேட்டியைச் சற்றே தூக்கினார். வெறுங்கால்.

"எங்களோடது பாலோ ரோட்டுல, பஸ் ஏறின எடத்துல கெடக்கு. உள்ள வாங்க, சம்மந்தி."