கமீல் போட்ட கோடு

லோம்மல் ஊர்ப் பக்கத்து மணல்காட்டில், மேடு பள்ளத்தில் பந்தயம் ஓட்டும் பழைய மோட்டோகிராஸ் பைக் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் மெக்கானிக் கமீலின் கொட்டகைக்குத்தான் கை காட்டுவார்கள். அறுபத்தெட்டு வயது, சரியான சிடுமூஞ்சி. நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேலும் போல்ட் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு சின்னக் கோடு இழுப்பார். கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கமீல் ஒரே நட்டை மூன்று தடவை முறுக்கிப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். அதற்கு ஒரு முத்தமும் கொடுத்துவிடுங்களேன் என்று கொட்டகைக்கு வரும் பையன்கள் கிண்டலடிப்பார்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும்! முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தய நாள் காலையில், நேரம் மிச்சமாகட்டும் என்று எல்லா நட்டிலும் கோட்டை முதலிலேயே போட்டுவிட்டார். ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு வந்தபோது யாரோ காப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தார், கோட்டைப் பார்த்தார், முடிந்தது என்று பைக்கைத் தள்ளிக் கொடுத்துவிட்டார். வாங்கி ஏறியவன் யோரிஸ், அவருடைய உயிர் நண்பன். மூன்றாவது சுற்றில் பின்சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் சேர்க்கும் இணைப்பின் போல்ட் கழன்று மணலோடு மணலாகப் போனது. யோரிஸ் கழுத்து முறிந்து செத்தான். விழுந்த வேகத்தில் போல்ட் தெறித்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். முந்தின ராத்திரி குடித்தான், திமிரில் ஓட்டினான் என்று ஊர் பேசியது. பெற்ற அப்பாவே அதை நம்பி மகன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தார். கமீல் வாயைத் திறக்கவில்லை.

அந்த பைக்கைத்தான் இந்த வாரம் யோரிஸின் தங்கை அனெலீஸ் பாகம் பாகமாக நான்கு பெட்டிகளில் கொண்டுவந்து இறக்கினாள். அவளுக்கே ஐம்பத்தைந்து வயது. பழைய பைக் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை, அதில் இதை ஓட்டப்போகிறாளாம். உண்மையைச் சொன்னால் யோரிஸின் பெயர் சுத்தமாகும், தன் பெயர் நாறும். கமீலுக்கு அந்த நல்ல பெயரை விட்டால் வேறு என்ன இருந்தது? சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பேரிங்குகளைக் கழுவி கிரீஸ் அடைத்தார். ஷாக் அப்சார்பரை மேலே மாட்டி, சக்கரத்தைத் தாங்கும் கரத்தைத் தூக்கிப் பிடித்து, இணைப்பைச் சேர்த்தார். காணாமல் போன போல்ட்டுக்குப் பதிலாகப் புதிது போட்டார். மூன்று தடவை முறுக்கியும் கோடு போடக் கை வரவில்லை.

ஸ்டாண்டிலிருந்து பைக்கை இறக்கியதும் பின்பக்கம் அமிழ்ந்தது, யாரோ காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்த மாதிரி. ஸ்பிரிங்கை வெளியே எடுத்துச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டி இறக்கினார், திரும்பவும் அமிழ்ந்தது. டேங்கில் சொட்டு எரிபொருள் கிடையாது, ஆனால் கொட்டகை முழுக்க விளக்கெண்ணெய் புகைந்த வாசனை. அந்தக் காலத்தில் யோரிஸ் என்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய் அது.

சனிக்கிழமை மதியம் அனெலீஸ் வந்தாள். ஓட்டுகிறவர் உட்கார்ந்து பார்த்துத்தான் ஸ்பிரிங்கை அமைக்க வேண்டும், பின்பக்கம் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் சரி. அவள் உட்கார்ந்தாள். பதினேழு. ஸ்பிரிங் வளையத்தை இறுக்கிவிட்டு அளந்தார். அப்போதும் பதினேழு.

"வறுத்த உருளைக்கிழங்கக் கொறைச்சுக்கோன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்களேன்" என்று சிரித்தாள் அனெலீஸ்.

"கொஞ்சம் எறங்கும்மா."

இறங்கினாள். பைக் எழும்பவில்லை, பதினேழிலேயே நின்றது. காலியான சீட்டை அவள் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

இனிமேல் மறைக்க முடியாது என்று கமீலுக்குத் தெரிந்துவிட்டது. "அன்னிக்கி அந்த நட்ட நான் முறுக்கல, அனெலீஸ். கோடு மட்டும் போட்டுட்டுப் போயிட்டேன். யோரிஸ் மேல ஒரு தப்பும் கெடையாது."

அவள் காலியான சீட்டின் மேல் கை வைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டாள். "நாலு தெரு தள்ளித்தான இருந்தீங்க? எங்கப்பா உசுரோட இருக்கும்போது ஒரு நாள் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

கமீல் தரையில் உட்கார்ந்து அழுதார். வெட்கமும் பயமும் சேர்ந்து அவரைப் பிழிந்தன. அவள் தேற்றவில்லை.

"நாளைக்குப் பந்தயத்துக்கு முன்னாடி மைக்குல சொல்லுங்க. ஊரே கேக்கணும்."

"சொல்றேன்."

ஸ்பிரிங் முனகியது. பின்பக்கம் மெல்ல, ஒருவர் பாரம் இறங்குகிற நிதானத்தில், முழு உயரத்துக்கும் எழுந்து நின்றது. விளக்கெண்ணெய் வாசனை போய்விட்டது.

அனெலீஸ் அதைப் பார்த்தபடியே சொன்னாள். "அவன் எறங்கிட்டான். எங்கப்பாகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

கமீல் அந்த நட்டை இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக் கோட்டை இழுத்தார்.