மட்டித் திடலில் நட்ட கன்றுகள்

ஞாயிற்றுக்கிழமை பொறுக்கிய குப்பை அடுத்த அமாவாசைக் கடல் ஓதத்தில் திரும்பி வந்துவிடும். அறுந்த வலை, செருப்பு, பாட்டில், எல்லாம் போன தடவை பார்த்த மாதிரியே வந்து கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை எனக்கு. கப்பல் தாமதம் என்றால் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். நான் அடுக்கின ஃபைலைக் கலைத்து மறுபடி அடுக்குவேன். அப்படிப்பட்டவள் அலையாத்திக் காட்டைக் காக்கும் குழுவில் சேர்ந்தால் என்ன ஆகும்?

காடு என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உப்பளங்களுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே ஆளுயர மரங்கள், முழங்கால் சேறு, அவ்வளவுதான். நாங்கள் பன்னிரண்டு பேர். இரும்புக்கடை அண்ணாச்சி எங்களுக்குத் தலைவர். குப்பை பொறுக்குவோம், ஆடு புகாமல் வேலி கட்டுவோம். இது போதாது, காட்டைப் பெரிதாக்க வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் நச்சரித்தேன்.

"ஏளா, இடம் எங்க இருக்கு? மூணு பக்கமும் உப்பளம்லா," என்றார் அண்ணாச்சி.

நான் நாலாவது பக்கத்தைக் காட்டினேன். தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுத் திடல். ஒரு செடி கிடையாது. உப்பளக்காரர் யாரும் சண்டைக்கு வரமாட்டார். சும்மாதானே கிடக்கிறது என்று சொன்னது நான்தான்.

விதைகளைப் பையில் முளைக்க வைத்து, கயிறு பிடித்து, வரிசை வரிசையாக நட்டோம். சேற்றைத் துழாவி மட்டிச் சிப்பி பொறுக்க வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், இடுப்பில் ஓலைப்பெட்டியோடு நின்று பார்த்தாள்.

"யக்கா, இங்கனயா வைக்குதீங்க?"

"ஆமா, இனிமே இதுவும் காடுதான்," என்றேன். பாராட்டுகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

மற்ற இடங்களில் நட்டால் பாதி செத்துப்போகும். இங்கே, எங்கள் நேரம், எல்லாம் பிழைத்தன. இரண்டு வருடத்தில் இடுப்புயரம் வந்தன. மூச்சுவேர்கள் சேற்றைக் குத்திக்கொண்டு நின்றன. அண்ணாச்சி பூரித்துப்போனார். இதையும் பாதுகாக்கப்பட்ட காட்டோடு சேர்க்கச் சொல்லி மனு எழுதினார். பார்க்க வருவதாக வனத்துறை அதிகாரியும் தேதி சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வாரம் அந்தப் பெண் வேலியோரம் வந்து நின்றாள். பெட்டி காலி.

"இங்கன மட்டியே இல்லக்கா. வேரு நெறஞ்சு மண்ணு கெட்டியாயிட்டு, கைய விட முடியல. பஸ் ஏறி வேற கழிக்குப் போறேன். அங்க உள்ளவங்க வெரட்டுதாங்க." பிறகு கேட்டாள், "இதக் காடுன்னு எழுதிட்டா என்னய உள்ளயே விடமாட்டாங்க, அப்படித்தான?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் விவரம்தான் கேட்டாள். அன்று இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. பனிக்காலத்தில் அந்தச் சேற்றைக் குத்திக் குத்தி இரை தின்னும் உள்ளான் கூட்டத்தை இரண்டு வருடமாகக் காணவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. செடி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பறவை எப்படிக் கண்ணில் படும்?

அண்ணாச்சி கடையின் பின்கட்டில் கூட்டம் போட்டோம். கன்றுகளை எடுத்துவிடலாம் என்றேன். ஒருவர் எழுந்தே போய்விட்டார். "நீதான நடணும்னு ஒத்தக்கால்ல நின்ன! இப்பப் புடுங்கணும்னும் நீயே சொல்லுத," என்றார் அண்ணாச்சி. எனக்கு வெட்கமாக இருந்தது. முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது.

அதிகாரி வந்த அன்று அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி முகம் சுண்டிப்போயிற்று. அதிகாரி வெகுநேரம் திடலைப் பார்த்தார். பிறகு, "வெறும் சேறுன்னு ஒண்ணு கிடையாதும்மா," என்றார். மனு அத்தோடு நின்றது. கன்றுகளை எடுக்க எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் நான் வீட்டில் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை.

நடும்போது பன்னிரண்டு பேர். எடுக்கும்போது நான்கு பேர்: நான், அந்தப் பெண், இன்னொரு உறுப்பினர், கடைசியில் புது அரிவாள்களோடு வந்து சேர்ந்த அண்ணாச்சி. என்னோடு அவர் பேசவில்லை. நான் வேரோடு இழுத்தபோது அந்தப் பெண் தடுத்தாள். "இழுத்தா மண்ணு பொரண்டுரும், அடியோட அறுங்க." அறுத்தோம். நான் ஊட்டி வளர்த்த கன்றுகள். அழுதுகொண்டேதான் அறுத்தேன்.

முடிந்ததும், மட்டி எப்போது திரும்பும் என்று கேட்டேன். "தெரியலயே," என்றாள். உடனே எனக்கு யோசனை ஓடத் தொடங்கிவிட்டது. வேறு கழியிலிருந்து குஞ்சு மட்டி கொண்டுவந்து தூவலாம், மண்ணைக் கிளறிவிடலாம்.

அவள் சேற்றுக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். இங்கன ஒண்ணுஞ் செய்யாதீங்க."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். வேலிவரை குப்பை பொறுக்குவேன், அதோடு சரி. தண்ணீர் வற்றியதும் அவள் திடலில் இறங்கி, கையை முழங்கைவரை சேற்றுக்குள் விட்டுத் துழாவுவாள். வெறும் கைதான் வெளியே வரும். போன வாரமும் அப்படித்தான் வந்தது. என்னை அறியாமல் ஒரு காலைத் திடலில் வைத்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டேன்.